கில்லஸ்பியிடம் தோற்றுப்போன எங்கள் பஸ்

ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு சுமார் 25 கிலோமீட்டர். எங்களுக்கு ஒரு மணி 52 நிமிஷம் ஆனது. நடந்து போகவில்லை, பஸ்ஸில்தான் போனோம். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று பையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் வாக்குக் கொடுத்திருந்தேன். முயற்சி பண்ணுகிறேன். ஆனால் கூட வந்தவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காட்பாடிக்காரர், எழுபதைத் தாண்டியவர், குதிரை ரேஸ் பைத்தியம். சொத்தை அழித்த ரகம் இல்லை, மாமி அதற்கு விடவில்லை. காட்பாடியில் வீடு பார்த்ததே ரேஸுக்காகத்தான் என்பார். “ரயில் ஏறினா இந்தப் பக்கம் கிண்டி, அந்தப் பக்கம் பெங்களூர். நடுவுல நாம. இத விட இன்னா வேணும்?” குளிர் காலத்துக்கு மெட்ராஸ், மே மாதம் வந்தால் பெங்களூர். அவருடைய காலண்டரே அப்படித்தான் ஓடியது.

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதிலிருந்து மனிதர் சுருங்கிப்போயிருந்தார். 1777லிருந்து குதிரை ஓடிய இடமாயிற்றே! (நானோ, அங்கே குளம் வெட்டினால் வேளச்சேரி வெள்ளத்திலிருந்து பிழைக்கும் என்கிற கட்சி. அவரிடம் சொல்லவில்லை.) சரி, குதிரை சம்பந்தமாகவே ஒரு நாள் ஊர் சுற்றலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். கில்லஸ்பி வந்த வழியில் ஆற்காட்டிலிருந்து வேலூர்க் கோட்டைக்குப் போவதாகத் திட்டம்.

தெரியாதவர்களுக்கு: 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சேதி ஆற்காட்டுக்கு ஓடியது. அங்கே இருந்த கர்னல் கில்லஸ்பி 19ஆம் டிராகூன் குதிரைப்படையைக் கிளப்பிக்கொண்டு 16 மைல் பாய்ந்து வந்தான். பீரங்கிகள் பின்னால் வர, இருபது பேர் அளவில் அவனோடு முன்னால் வந்து சேர்ந்தார்கள். கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மதில் மேலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்து அவன் மட்டும் மேலே ஏறினான். பிறகு பீரங்கி வந்து கதவை உடைத்தது.

“நம்ம ஜில்லாவுல நடந்த பெரிய ரேஸு இதான்டா மாப்ளே” என்றார் மாமா.

ஆற்காட்டில் டெல்லி கேட் பார்த்தோம். பழைய கோட்டையில் மிச்சம் நிற்பது அந்த வாசல்தான். 1751இல் கிளைவ் பிடித்த கோட்டை. பக்கத்தில் பாலாறு, வழக்கம்போல மணல். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மக்கன் பேடாவுக்குத்தான் அரை மணி நேரம் போனது. குலாப் ஜாமூனுக்கு அண்ணன் என்று நினைத்து வாயில் போடாதீர்கள். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பாகு ஊறின கோவா, நடுவில் முந்திரி பாதாம் பொடி பல்லில் நெறிபடும். நான் இரண்டோடு நிறுத்தினேன். சர்க்கரை உள்ள மாமா மூன்று சாப்பிட்டுவிட்டு, “மாமிக்குத் தெரிய வேணாம்” என்றார். அம்மா இந்தப் பதிவைப் படிப்பாள், மாமிக்கும் போய்விடும். மன்னிச்சுக்குங்க மாமா.

அப்புறம் அந்த பஸ்.

ஏறி உட்கார்ந்ததுமே மாமா சட்டைப்பையிலிருந்து பழைய ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார். காலையில் குதிரைகளை ஓட்டிப் பார்க்கும்போது ஃபர்லாங்குக்கு (சுமார் 200 மீட்டர்) எத்தனை விநாடி என்று பிடிப்பதற்காக அந்தக் காலத்தில் வாங்கியது. நிக்கல் உரிந்து பித்தளை தெரிகிறது. தலைக் குமிழை அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம். “கில்லஸ்பி ஜெயிக்கிறானா, இவன் ஜெயிக்கிறானான்னு பாத்துரலாம்” என்று அழுத்தினார். வண்டி கிளம்பவே இல்லை. ஆள் சேரட்டும் என்று கண்டக்டர் டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு சீட் குஷன் கழன்று தரையில் கிடந்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடி பாதியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நின்ற வண்டியில் மாமா ஸ்குவாண்டரர் என்கிற ரேஸ் குதிரையின் கதையை ஆரம்பித்தார். 19 ஓட்டத்தில் 18 வெற்றி, 1977 இந்தியன் டெர்பி உட்பட. ரஷித் பைராம்ஜி தயார் பண்ணிய குதிரை. பெங்களூரில் ஒரு நாள் விடியற்காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாராம். “பக்கத்துல வர்ற குதிரைங்க எல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு இரைக்குது. இது சும்மா வருது. மூக்குல பனிப்புகை மட்டும் நூல் மாதிரி போவுது. காத ஒரு தடவ திருப்பிச்சு பாரு, என்னயே பாத்த மாதிரி!” அன்றைக்கு அவர் பந்தயம் எதுவும் கட்டவில்லை, பார்த்ததோடு சரி. அதனால்தானோ என்னவோ, ஜெயித்த காசைப் பற்றி இவ்வளவு ஆசையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எலூசிவ் பிம்பர்னல் என்கிற குதிரை 23 ஓடி 22 ஜெயித்தது என்று நான் இடையில் எடுத்துக்கொடுத்தேன். கூகுள் உபயம். “அது கணக்குடா. நான் சொல்றது குதிரை” என்றார்.

வண்டி ஒருவழியாகக் கிளம்பி ரத்தினகிரி தாண்டியதும் என் போனை வாங்கி அமெரிக்காவின் 1973 பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் ரேஸ் வீடியோவைப் போட்டார், முழுச் சத்தத்தில். செக்ரட்டேரியட் என்கிற குதிரை ஒன்றரை மைலை 2 நிமிஷம் 24 விநாடியில் ஓடி, 31 லெங்த் (அதாவது 31 குதிரை நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்த ரேஸ். பெல்மாண்ட் ஸ்டேக்ஸில் அந்த நேரத்தை இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. கடைசித் திருப்பத்துக்கு அப்புறம் கேமரா பின்னால் போய்க்கொண்டே இருக்கும், மற்ற குதிரைகளையும் சேர்த்துக் காட்டியாக வேண்டுமே! ஜாக்கி டர்காட் தலையைத் திருப்பி நேரப் பலகையைப் பார்ப்பார். போட்டிக்கு ஆள் இல்லை, கடிகாரம்தான் பாக்கி. முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாப்பா, மத்ததெல்லாம் நின்னுடுச்சா?” என்றார். மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று அந்தக் குதிரை மேல் கட்டி ஜெயித்த பந்தய டிக்கெட்டுகளில் 5617 டிக்கெட்டை யாரும் காசாக்கவே இல்லை, ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டார்கள் என்று அவரிடமும் சொன்னார். “காசு வேணாம்னா எதுக்குக் கட்டணும்?” என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி.

பெருமுகை, சத்துவாச்சாரி எல்லாம் தாண்டி, கிரீன் சர்க்கிள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி ஒரு உதறு உதறிப் படுத்துவிட்டது. கீழே ஏதோ புகை. எல்லாரும் திட்டுகிறார்கள். மாமா மட்டும் சீட்டைத் தட்டிக்கொண்டு “டெவன் லாக்! டெவன் லாக்!” என்கிறார்.

1956 கிராண்ட் நேஷனல். நாலரை மைல், 30 தடை. எல்லாவற்றையும் தாண்டி முதலில் வருகிறது இங்கிலாந்து ராஜமாதாவின் குதிரை டெவன் லாக். வின்னிங் போஸ்ட்டுக்கு ஐம்பது கஜம்கூட இல்லை. எதிரே ஒன்றுமில்லாத இடத்தில் தாவுகிற மாதிரி எம்பி, வயிறு தரையில் பட அப்படியே விழுந்தது. பின்னால் வந்த குதிரை ஜெயித்தது. ஏன் விழுந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாமாவின் காரணம், கூட்டம் போட்ட கூச்சல்.

அங்கிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோ 200 ரூபாய் கேட்டார். “பஸ்ஸு நின்னுபோச்சுல்ல, அப்படித்தான் ஆகும்” என்று காரணமும் சொன்னார். 120க்கு முடித்தோம். அதுவும் அநியாயம்தான். தனியாக வருகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் போங்கள். கோட்டை வாசலில் மாமா ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினார்.

கோட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. உள்ளே போகக் காசு வாங்கவில்லை, அகழியில் தண்ணீர் இருந்தது. நாங்கள் நேரே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனோம். தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு குதிரையின் கடிவாளத்தில் கல்லில் கொத்திய சின்னச் சின்ன மணிகூட அப்படியே இருக்கிறது. மாமா ஒவ்வொன்றையும் சுற்றி வந்து, பின்தொடையைப் பார்த்து, “இது ஸ்ப்ரிண்டர், தூரத்துக்குத் தாங்காது” என்று தீர்ப்புச் சொன்னார். படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் இவரைக் கைடு என்று நினைத்துப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

வெளியே வந்து மக்கான் சிக்னலில் இருக்கும் அந்தக் கிளர்ச்சியின் நினைவுத் தூணைப் பார்த்தோம். வண்டிகள் சுற்றிக்கொண்டு போகின்றன, நின்று பார்ப்பவர் யாரும் இல்லை. கோட்டையைத் திரும்பப் பிடித்த பிறகு கொல்லப்பட்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

“பதினாறு மைலு. இருபது குதிரை. அதுல ஒண்ணு கூட டெவன் லாக் ஆவலயேடா.”

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பசி வேறு.

பிரியாணிக்கு ஆம்பூர் போக நேரமில்லை. கோட்டைப் பக்கம் சந்துக்குள் பெயர்ப்பலகை வெளுத்த ஒரு கடையில் உட்கார்ந்தோம். சீரகச் சம்பா, அளவான காரம், எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும் கறி. ஆனால் நான் மயங்கியது கத்தரிக்காயில். புளியும் எண்ணெயும் மினுங்க, காம்போடு கிடந்தது. மூன்று தடவை கேட்டு வாங்கினேன், முகம் சுளிக்காமல் போட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 380. இந்த ஒரு இடத்தில்தான் காசு கொடுக்கும்போது வயிறு எரியவில்லை.

செலவுக் கணக்கு: பேடா 150, ஆட்டோ 120, பிரியாணி 380, தண்ணீர் பாட்டில் 40. பஸ் டிக்கெட் எவ்வளவு என்று மறந்துவிட்டது. வண்டி படுத்தும் காசைத் திருப்பித் தரவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராத்திரி மாமாவுக்கு போன் போட்டு, டிக்கெட் உங்களிடம்தானே இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பழைய ரேஸ் புக் நடுவில் வைத்திருக்கிறாராம். பின்பக்கம் ‘1.52, ஆற்காடு–வேலூர்’ என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். முன்பக்கத்தைப் பார்த்து விலையைச் சொல்லுங்கள் மாமா என்றால், கண்ணாடி போடவில்லை என்று போனை வைத்துவிட்டார்.