21 கிலோமீட்டரும் நானும்

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத ஆள் நான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

மொத்தம் 21.0975 கிலோமீட்டர். இப்போதைக்கு ஓட்டமும் நடையும் மாறி மாறித்தான். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, இல்லையென்றால் குறைக்க வேண்டும். அதனால் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடும் ஆள் என்று பெயர் வாங்கியாயிற்று. மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது. தசைநாண்களும் எலும்பும்தான் நிதானமாகத் தேறும். ஆகவே ஓய்வு நாளில் கூச்சமே இல்லாமல் படுத்துக்கிடக்கிறேன்.

கால் கெஞ்சும்போது டெர்ரி ஃபாக்ஸை நினைத்துக்கொள்வேன். புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அதுவும் இதே ஆராய்ச்சிக்காகத்தான்.

நன்கொடைக்கான இணைப்பு கீழே. நான் ஓடி முடிப்பேனா என்று பந்தயம் கட்டுகிறவர்கள் அந்தப் பணத்தையும் அங்கேயே போடலாம்.