பெட்டி ஒரு பக்கம், ஸ்டீயரிங் ஒரு பக்கம்

கார்த்திகைக் கடைசியில் அண்ணன் புது லேப்டாப் வாங்கினான். பழையது என் தலையில் விழுந்தது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இடது பக்கக் கீல் ஆடும். ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். இதில் என்ன கேம்தான் ஓடும், பார்த்துவிடுவோம் என்று தொடங்கியதுதான். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தை என்பதால் அன்றைக்கு அதுவும் இல்லை. இப்போது மாசி பிறந்துவிட்டது. இதுவரை நான்கு கேம், நூறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

முதலில் போட்டது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டில் பிராக் நகரத்தில் இருக்கும் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012இல் வெளியிட்டது. அவ்வளவு பழையது என்பதால்தான் இந்த லேப்டாப் தாங்கும் என்று நம்பினேன். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியதும் சாலையோர மரமெல்லாம் அட்டையில் வெட்டி நட்டது போல் ஆகிவிட்டது. ஆனால் வண்டி ஓடியது. அது போதும்.

வேலை இதுதான்: ஓர் ஊரில் டிரெய்லரை மாட்டி, இன்னோர் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். முதலில் சொந்த வண்டி கிடையாது, கம்பெனி வண்டியை ஓட்டிக் காசு சேர்க்க வேண்டும். அப்புறம் வங்கியில் ஒரு லட்சம் யூரோ கடன் வாங்கலாம். தூரத்தை 19இல் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். கடிகாரமும் அதே கணக்கில் வேகமாக ஓடுகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஏற்றிய லோடு அரை மணி நேரத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் போய்ச் சேர்ந்துவிடும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் அடுத்த நொடியே அபராதம். ராத்திரியில் முகப்பு விளக்குப் போட மறந்தால் அதற்கும். முதல் வாரம் நான் சம்பாதித்ததில் பாதி இப்படித்தான் போனது.

ஓட்டுவது வந்துவிட்டது. வராதது ரிவர்ஸ். லோடு இறக்கும் இடத்தில் டிரெய்லரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கோட்டுக்குள் நிறுத்தினால் கூடுதல் புள்ளி; வேண்டாமென்றால் தவிர்த்துவிட்டுப் போகலாம், புள்ளி கிடைக்காது. பத்து நாள் தவிர்த்துக்கொண்டே இருந்தேன். முயன்றபோதெல்லாம் பெட்டி ஒரு பக்கம் போகும், இஞ்சின் ஒரு பக்கம் போகும், கடைசியில் கத்தரிக்கோலை மூடியது போல் மடங்கி நிற்கும்.

பட்டிப் பொங்கலுக்குச் சங்ககிரியிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. இருபது வருடத்துக்கு மேல் லாரி. கடைசி எட்டு வருடம் நாற்பதடி டிரெய்லர், திருப்பூர் கண்டெய்னர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறார். நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தவர், ரவுண்டானாவில் வண்டி வலப்பக்கமாகத் திரும்பியதும், "அம்மிணி, எதுத்தாப்புல வருது பாரு!" என்று நாற்காலியைப் பிடித்துவிட்டார். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள் என்று சொன்ன பிறகும் பத்து நிமிடம் வரை அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பிரேக்.

அப்புறம் கேள்விகள். "லோடு ஏத்தறது யாரு?" ஏற்றி வைத்திருப்பார்கள், நாம் போய் மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான். "எத்தன நேரம் நிக்கோணும்?" நிற்கவே வேண்டாம். மாமா சிரித்தார். "அப்பறம் அதுல டிரைவருக்கு என்ன வேலை? ஓட்டறது பாதிதான் அம்மிணி. மீதி நிக்கறது." கொஞ்ச நேரத்தில் திரையில் டிரைவர் கொட்டாவி விட்டு, பார்வை இருட்டிக்கொண்டு வந்தது. ஓய்வு எடுக்காமல் ஓட்டினால் அப்படி வரும். மாமா சிரிக்கவில்லை. "இத மட்டும் செரியா வெச்சிருக்கறான்" என்றார்.

ரிவர்ஸ் வரவில்லை என்று சொன்னதும் தீப்பெட்டி ஒன்றும் ஊதுபத்தி டப்பா ஒன்றும் கேட்டார். தீப்பெட்டி இஞ்சின், டப்பா டிரெய்லர், நடுவில் அம்மாவின் சேஃப்டி பின். சாப்பாட்டு மேசைமேல் தோசைக் கல் தடமும் தண்ணீர் வட்டமும் இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டுப் பாடம் நடந்தது.

"பெட்டியோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகோணுமோ, ஸ்டீயரிங்க அதுக்கு மாத்தி ஒடி. கொஞ்சமா ஒடி. பெட்டி திரும்ப ஆரம்பிச்சுதா? ஒடனே ஸ்டீயரிங்க அந்தப்பக்கம் கொண்டா. இனி இஞ்சின் பெட்டியத் தொரத்திக்கிட்டுப் போகோணும், அவ்வளவுதான்."

டப்பாவை ஒரு விரலால் தள்ளினார். அது வளைந்தது, தீப்பெட்டி அதன் பின்னாலேயே வளைந்து போய் நேரானது. நான் செய்த தப்பு அங்கேதான் புரிந்தது. பெட்டி திரும்பும்வரை சரியாகச் செய்துவிட்டு, திரும்பிய பிறகும் ஸ்டீயரிங்கை அப்படியே பிடித்திருந்தேன். மடங்காமல் என்ன செய்யும்?

"மடங்கிருச்சுன்னா பின்னாடி போகாத. முன்னாடி எடுத்து நேராக்கிட்டு மறுபடி வா. ரெண்டு தடவ முன்னாடி எடுக்கறது தப்பில்ல. செவுத்துல இடிக்கறதுதான் தப்பு."

நான் வண்டிக்கு வெளியே பறக்கும் கேமராவை வைத்து ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அதையும் மாற்றச் சொன்னார். எஃப்2 அழுத்தினால் கண்ணாடிகள் திரையின் இரண்டு மூலையிலும் வரும். கண்ணாடியில் பெட்டியின் எந்தப் பக்கம் அதிகமாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கம் அது மடங்குகிறது. விசைப்பலகையில் விளையாடுபவர்களுக்கு நான் கண்டுபிடித்தது ஒன்று: கேமின் செட்டிங்ஸில் போய் ஸ்டீயரிங்கின் உணர்திறனைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். ஒரு தட்டுக்கு முழுசாக ஒடித்துக்கொள்ளும் ஸ்டீயரிங்கை வைத்து மாமாவாலும் முடியாது. உண்மையிலேயே முடியவில்லை. உட்கார்ந்து பார்த்தார், கிடங்குச் சுவரில் முட்டினார், எழுந்துவிட்டார். "இது வண்டியில்ல, ஆர்மோனியப் பொட்டி."

அன்றைக்குப் பதினோரு தடவை முன்னும் பின்னும் எடுத்தேன். இப்போது மூன்று நான்கில் முடிகிறது. போன வாரம் ஹானோவரில் ஒரே மூச்சில் உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து மாமாவிடமிருந்து அம்மாவுக்கு போன். ஏதோ ஒரு யார்டு வாசலில் மூன்று நாளாக வரிசையில் நிற்கிறாராம். போனை வாங்கிச் சொன்னேன். "நீ எறக்கிட்ட. நான் இன்னும் எறக்கல" என்றார்.

இரண்டாவது பாலட்ரோ, சீட்டாட்டம். லோக்கல்தங்க் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் செய்தது. 2024இல் வந்தது, அதே வருடம் போனுக்கும் வந்துவிட்டது. இதை லேப்டாப்பில் தொடவே இல்லை, ஈரோட்டு பஸ்ஸில்தான். ஜோடி, வரிசை என்று போக்கர் ஆட்டத்துச் சீட்டுச் சேர்க்கைகளை இறக்கிப் புள்ளி எடுக்க வேண்டும்; ஒரு தடவை இறக்குவது ஒரு கை. ரம்மியில் கையில் இல்லாத சீட்டுக்குப் பதிலாக ஜோக்கர் நிற்கும். இங்கே ஜோக்கர்கள் மேலே தனியாக உட்கார்ந்து புள்ளியைப் பெருக்குகின்றன. மொத்தம் 150 வகை. முதல் சுற்றுக்கு 300 புள்ளி போதும். எட்டாவது கட்டத்துக்குப் போவதற்குள் அது எங்கேயோ போய்விடும். எனக்கு ஏழாவது வரை வந்தது. அங்கே ஒரே ஒரு கைதான் ஆடலாம் என்று ஒரு முட்டுக்கட்டை வந்து முடித்துவிட்டது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் பவானி ரோடு வரும்வரை என் போனையே பார்த்துவிட்டு, "காசு வெச்சு ஆடறதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டதால் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கேம் வெண்பா ஒரே ராத்திரியில் முடிந்தது. டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி, அங்கே பிறந்து வளரும் மகன். பாட்டியின் சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. காணாமல் போன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். மகன் பெயர் கவின். எங்கள் பக்கம் எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்தாலும் ஒரு கவின் இருப்பான் என்பதால் பார்த்ததுமே வீட்டுப் பையன் மாதிரி ஆகிவிட்டான்.

இட்லிக் கட்டத்தில் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நான் யோசிப்பதற்குள் அம்மா, "தட்ட மாத்தி மாத்தி வையி, ஆவி எப்படி மேல போகும்?" என்று கடந்து போனபடியே சொல்லிவிட்டார். அவ்வளவுதான் புதிர். அடுத்தது புட்டு. அங்கே அம்மாவே நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் புட்டுக் குழாய் கிடையாது. "நம்மூட்ல புட்டு எப்பச் செஞ்சோம்? அரிசிம்பருப்பு வராதா இதுல?" வரவில்லை. வந்திருந்தால் நோட்டே தேவைப்பட்டிருக்காது. கதை அழ வைத்தது, அதைப் பற்றிச் சொன்னால் புதிதாக விளையாடுபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு குறை: கேமாக எடுத்துக்கொண்டால் ரொம்பச் சின்னது. ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் பசிதான் மிச்சம்.

மிச்ச மணி நேரமெல்லாம் ஸ்டார்டியூ வேலிக்குப் போனது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தனியாகச் செய்தது, 2016இல் வந்தது. தாத்தாவின் பழைய தோட்டத்துக்கு வந்து வெள்ளாமை செய்ய வேண்டும். நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். கையில் 500 காசு. ஊர்த் தலைவர் பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கின் விதை பதினைந்து கொடுக்கிறார். 20 காசு விதை, நான்கே நாளில் 35 காசு.

அப்பா பக்கத்துக் கட்டிலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் "நாலு நாளா?" என்று திரும்பினார். வைகாசியில் ஊன்றிய மஞ்சளைத் தையில் வெட்டும் மனிதர். அதன் பிறகு செய்தியைப் பார்க்கவில்லை.

"தண்ணி கட்டாம உட்டா காஞ்சு போகாதா?"

"காயாதுங்கப்பா. அன்னைக்கு வளராது, அவ்வளவுதான்."

"மழை வந்தா?"

"அன்னைக்குத் தண்ணி ஊத்த வேண்டாங்க. நாளைக்கு மழை வருமான்னு டிவி சொல்லிரும். அது தப்பாது."

"அந்த டிவிய இங்க கொண்டாந்து வையி."

காக்கைக்குச் சோளக்கொல்லை பொம்மை வைத்தேன். "மயிலு வராதா?" என்றார். வராது. காட்டுப் பன்றி? அதுவும் வராது. அப்பாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போனது அப்போதுதான்.

என் பெரிய தப்பு காலிஃபிளவர். விதை 80, விலை 175, பன்னிரண்டு நாள் பயிர். ஆசைப்பட்டு வசந்தம் 18ஆம் தேதி பத்து விதை போட்டேன். 28க்குள் வருமா என்று கூட்டிப் பார்க்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைக் கூட்டுகிறவள். கோடை முதல் நாள் காலை கதவைத் திறந்தால் பத்தும் கருகி நிற்கிறது. 800 காசு போச்சு. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு எதுக்குச் சொல்லி வெச்சாங்க?" என்றார் அப்பா. அவர் குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. இன்னொன்று: விதைக் கடைக்குப் புதன்கிழமை லீவு. அதை மறந்து மூன்று தடவை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்திருக்கிறேன்.

மீன் பிடிப்பது எனக்கு வரவில்லை. விட்டுவிட்டேன். செம்பும் இரும்பும் உருக்கி நான்கு கட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி செய்தது பெரிய விடுதலை. அதற்கு மானியம் உண்டா என்பது அப்பாவின் கேள்வி.

அறுவடையை வீட்டு வாசல் பெட்டியில் போட்டால் காலையில் பணம் வந்துவிடும். மூட்டை இல்லை, எடை இல்லை, கமிஷன் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெல ஏறாதா, எறங்காதா?" என்று கேட்டார். நூறு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் பார்ஸ்னிப் 35தான். "அப்ப அதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். போன வருட மஞ்சளில் பாதியை விலை வரட்டும் என்று குடோனில் வைத்திருக்கிறார். அவருக்கு விவசாயத்தில் யோசிப்பது என்றால் அதுதான்.

எனக்கு அது குறையாகப் படவில்லை. காலையில் ஒரு ரேட், மாலையில் ஒரு ரேட் என்று பில்லைத் திருத்திவிட்டு வந்தவளுக்கு 35 காசு 35 காசாகவே இருக்கும் ஓர் ஊர் வேண்டியிருக்கிறது.

இப்போதைய நிலவரம்: லாரிக் கடன் பாதி அடைந்திருக்கிறது. தோட்டத்தில் காலிஃபிளவர் கருகிய இடத்தைக் கொத்தி, இருபது புளூபெர்ரி போட்டிருக்கிறேன். பதின்மூன்று நாளில் காய்ப்பு, அப்புறம் நான்கு நாளுக்கு ஒரு தடவை பறிக்கலாம். இந்தத் தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஆனால் மஞ்சள் வேகவைக்கும் மெஷின் நாளைக்கு எங்கள் களத்துக்கு வருகிறது. ஆட்களுக்கு டீ, விரலி தனி கிழங்கு தனி என்று பிரிப்பது, காயப்போடுவது, ராத்திரி பனிக்குத் தார்ப்பாய் மூடுவது என்று இரண்டு வாரத்துக்கு லேப்டாப் பக்கம் போக முடியாது. தூங்கினால்தான் இந்த கேம் சேமித்துக்கொள்ளும் என்பதால் நேற்றிரவு ஆளைப் படுக்க வைத்துவிட்டு மூடினேன். அங்கே கோடை 3ஆம் தேதி, காலை ஆறு மணி. அப்படியே நிற்கட்டும்.