எத்தனாவது மாசத்துல ஆபரேஷன்?

இங்கிலாந்துல குழந்தைங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வேலை எனக்கு. மண்டை ஓட்டு எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு முன்னாடியே ஒட்டிக்கிட்ட குழந்தைங்களுக்கு இந்த நாட்டுல நாலு ஊர்லதான் தனி சென்டர் இருக்கு, லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்ஹாம், லிவர்பூல், அதுல ஒண்ணுலதான் இருக்கேன். அந்த எலும்புங்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்புல ஒரே ஒண்ணு மட்டும் ஒட்டியிருந்தா தேதி குறிக்கிறது அவ்வளவு சிக்கல் இல்ல. ஏபெர்ட், க்ரூசோன், ஃபைஃபர் மாதிரி ஜீன் கோளாறுல இருந்து வர்ற நோய்ங்க வேற, பல இணைப்பு ஒட்டியிருக்கும், முகத்தோட நடுப்பகுதி வளராம உள்ள போயிருக்கும், கண்ணு வெளிய துருத்திட்டு நிக்கும், ஏபெர்ட்னா கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்ந்தே பிறந்திருக்கும், அதுல ஊசி போட நரம்பு தேடுறதே பெரும்பாடு.

பெத்தவங்க கேக்குற முதல் கேள்வி "எப்போ பண்ணுவீங்க"ன்னுதான். முதல் வருஷத்துல மூளை படுவேகமா வளரும், இடம் இல்லேன்னா உள்ள பிரஷர் ஏறும், பார்வை போகும், அதனால மண்டை எலும்பை விரிச்சு இடம் பண்ற ஆபரேஷனை சீக்கிரம் பண்ணணும்னு தோணுறது நியாயம்தான். ஆனா ரெண்டு மூணு மாசத்துல எல்லா குழந்தைக்கும் ஹீமோகுளோபின் தானாவே ரொம்ப இறங்கியிருக்கும், ஆறு கிலோ குழந்தை உடம்புல மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 மில்லின்னு வச்சா 480 மில்லி, ஒரு சின்ன தண்ணி பாட்டில் அளவுகூட இல்ல. அதுல ஐம்பது மில்லி போனாலே பத்துல ஒரு பங்கு. ரத்தம் போறதைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து கொடுப்போம், ரத்தம் ரெடியா வச்சிருப்போம், நனைஞ்ச பஞ்சை ஒவ்வொண்ணா எடை போட்டு பாப்போம், அப்படியும் பயம் பயம்தான். ரொம்ப சீக்கிரம் பண்ணா விரிச்ச எலும்பு திரும்ப ஒட்டிக்கும், மறுபடி திறக்கணும், ரெண்டாவது தடவை தழும்பைப் பிரிச்சு உள்ள போறது இன்னும் கஷ்டம். ரொம்ப தள்ளிப்போட்டாலும் வம்பு, ஒண்ணரை ரெண்டு வயசு தாண்டினா இடைவெளியில புது எலும்பு சரியா வளராது.

அதனால இப்ப பல இடத்துல முதல் வருஷத்துல பின்மண்டையை மட்டும் விரிச்சு இடம் பண்ணிட்டு நெத்தியை அப்புறம் பாத்துக்கிறாங்க. எனக்கு இது சரியான வழின்னு படுது, பின்னாடி விரிச்சா இடமும் அதிகம் கிடைக்கும், நெத்தி ஆபரேஷனுக்குள்ள குழந்தையும் கொஞ்சம் தேறியிருக்கும்.

ஒரு நாலு மாச குழந்தையை பத்தி சொல்லணும். உச்சிக்குழி புடைச்சு இருந்துச்சு, உள்ள பிரஷர் ஏறியிருக்கு, உடனே பண்ணிடலாம்னு மீட்டிங்ல பேச்சு. அப்பதான் தூக்க டெஸ்ட் ரிப்போர்ட் வந்துச்சு, ராத்திரி முழுக்க மூச்சு விட்டு விட்டு நிக்குது. மூச்சு அடைச்சா கார்பன் டை ஆக்சைடு ஏறும், மூளை ரத்தக்குழாய் விரியும், பிரஷர் எகிறும். மூக்கு வழியா ஒரு சின்ன டியூப் போட்டோம், அவ்வளவுதான், உச்சிக்குழி தணிஞ்சுது, பால் ஒழுங்கா குடிச்சுது, எடை ஏறுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு நல்ல உடம்போட தியேட்டருக்கு வந்துச்சு. அந்த ரெண்டு மாசமும் பிரஷரால கண் நரம்பு வீங்குதான்னு கண் டாக்டர் அடிக்கடி பாத்துக்கிட்டேதான் இருந்தார், சும்மா காத்திருக்கல.

பின்மண்டை ஆபரேஷனுக்கு குப்புற படுக்க வைக்கணும். துருத்தின கண்ணு எதுலயும் அழுந்தக் கூடாது, இமை மூடவே மூடாது, அதனால ரெண்டு இமையையும் சேர்த்து தற்காலிகமா ஒரு தையல் போட்டு, ஜெல் வச்சு, தலையை தாங்குற மெத்தை கண்ணுல படாம இருக்கான்னு குனிஞ்சு கீழ இருந்து பாப்பேன். ஆபரேஷன் நடக்கும்போதும் திரும்ப திரும்ப பாப்பேன். எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா விரிக்க அதுல வச்ச கருவியோட திருகை சில நாள் கழிச்சு தினம் ஒரு மில்லிமீட்டர் கணக்குல திருப்பணும், அந்த குழந்தைக்கு அவங்க அப்பாதான் கத்துக்கிட்டு திருப்பினார், முதல் நாள் கை நடுங்குச்சு, அப்புறம் பாட்டு பாடிக்கிட்டே பண்ணார்.

இப்ப அந்த மாதிரி பெத்தவங்ககிட்ட நான் ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன், ஆபரேஷன் முடிஞ்சாலும் கண் செக்கப்பையும் தூக்க டெஸ்டையும் விட்டுடாதீங்க, பிரஷர் மறுபடி ஏறலாம், அதுவும் சின்ன குழந்தைக்கு கண் நரம்பு வீங்காமலே ஏறலாம், அதனால குறட்டை கூடினாலோ, சரியா தூங்காம சிணுங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணிடுங்க.