‘அண்ட்’ எங்கே நிற்கிறது?

ஆங்கிலத்தில் ‘பாரலல் ஸ்ட்ரக்சர்’, அதாவது ஒரு வாக்கியத்தில் அடுக்கியோ ஒப்பிட்டோ வருபவை ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்ற விதி, என்றதும் தமிழ்வழியில் படித்தவர்கள் பலர் மிரண்டுவிடுகிறார்கள். மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வுக்குப் படித்தபோது நான் கண்டுகொண்டது இதுதான்: அந்த இலக்கணத்தில் பாதி ஏற்கெனவே நம் காதில் இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் பாடுபட வேண்டும்.

முதல் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறானால் 0.50 கழியும். நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா, “அர்த்தத்தை அப்புறம் பாரம்மா, முதலில் ‘அண்ட்’ எங்கே நிற்கிறது என்று தேடு” என்பார். அதற்கு வலப்பக்கம் உள்ள சொல்லின் வடிவமும் இடப்பக்கம் உள்ளவற்றின் வடிவமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும்.

‘ஷி லைக்ஸ் ரீடிங், ரைட்டிங் அண்ட் டு ஸ்விம்.’ இதையே ‘அவளுக்குப் படிப்பதும் எழுதுவதும் நீந்தவும் பிடிக்கும்’ என்று யாராவது சொன்னால் நம் காது உடனே உறுத்தும். ‘நீந்துவதும்’ என்று திருத்திவிடுவோம். ஆங்கில வாக்கியத்திலும் ‘டு ஸ்விம்’ என்பதை ‘ஸ்விம்மிங்’ என்று மாற்றினால் தீர்ந்தது. ‘உம்’ போட்டு அடுக்கியே வளர்ந்தவர்களிடம் இதை அந்நிய விதிபோல மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

‘நாட் ஒன்லி – பட் ஆல்சோ’வும் இதே வகை. ‘ஷி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்சோ ஃபிரெஞ்ச்’ என்பதில் முதல் பாதியில் வினை வருகிறது, அடுத்ததில் மொழியின் பெயர். ‘ஸ்பீக்ஸ்’ என்பதை ‘நாட் ஒன்லி’க்கு முன்னால் நகர்த்திவிட்டால் இரு பக்கமும் மொழிப்பெயர்களே நிற்கும்.

ஒப்பீட்டில்தான் நம் காது கைவிட்டுவிடும். ‘கடலூர் மீனின் ருசி சென்னையைவிட நன்றாக இருக்கும்’ என்று நாம் தயங்காமல் பேசுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆங்கிலத் தேர்வில் இது பிழை. ருசியை ருசியோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு ஒப்பிடக் கூடாது. அதனால் நம் ‘விட’வுக்கு ஈடான ‘தேன்’ (than) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறகு ‘தட் ஆஃப்’ சேர்க்க வேண்டும். பன்மையானால் ‘தோஸ் ஆஃப்’. இதைப் பிடிக்க எனக்கு நெடுநாள் ஆனது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கன்னியக்கோயிலைத் தாண்டும் முன்பே இப்படிச் சில வாக்கியங்களை மனத்துக்குள் கட்டி, எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்று கேட்டுக்கொள்வேன்.

‘ஆஃப்’ போன்ற முன்னிடைச்சொற்களுக்கு (பிரிபொசிஷன்) எனக்குக் கிடைத்த நல்ல பாடம் நம் அரசியலமைப்பின் முகவுரை. ‘லிபர்ட்டி ஆஃப் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வர்ஷிப்’: ஒரே ‘ஆஃப்’ ஐந்து பெயர்களையும் தாங்குகிறது. அடுத்த வரியிலோ ‘ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’ என்று இரண்டு முறை வருகிறது. முதலில் ஒரு முறை மட்டும் போடலாம், அல்லது ஒவ்வொன்றுக்கும் போடலாம். சிலவற்றுக்குப் போட்டுச் சிலவற்றுக்கு விட்டால்தான் பிழை. 1949இல் ஏற்கப்பட்ட அந்த வரிகளை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

முதல் நிலையில் தேறிவிட்டேன். இரண்டாம் நிலையில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், தவறினால் ஒன்று போகும். இப்போது ஒப்பீட்டு வாக்கியங்களை மட்டும் தனி நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.