ரெண்டு நிமிஷ ஊசிக்கு மூணு புதன்கிழமை

பத்தாவது வாரம் போட வேண்டிய ஊசி பன்னிரண்டாவது வாரம்தான் போட முடிந்தது. மருந்து இருந்தது, குழந்தைக்கும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. காகிதம்தான் சரியில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், ஆறாவது வார ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு சென்னைக்குத் திரும்புகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அரசு சுகாதார நிலையங்களில் புதன்தான் ஊசி நாள் என்பது உங்களுக்கே தெரியும். முதல் புதன் போனபோது ஊசித் தேதிகளைக் குறிக்கும் தாய் சேய் அட்டை கையில் இல்லை, ஊரிலேயே தங்கிவிட்டது. போனில் போட்டோ மட்டும் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க பதிஞ்சீங்களோ அங்கேயே போய்ப் போட்டுக்கோங்கம்மா" என்றார். கைக்குழந்தையோடு முந்நூறு கிலோமீட்டர் போகச் சொல்கிறார்!

அந்தப் பதிலே தப்பு. அரசு அட்டவணையில் உள்ள ஊசி எந்த ஊர்க் குழந்தைக்கும் எந்த அரசு மையத்திலும் இலவசம். கவுண்டரோடு மல்லுக்கட்டாமல் நேராக ஊசி போடும் அறைக்குப் போய் சிஸ்டரிடம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, அழுகிற குழந்தையோடு ஆட்டோ ஏறிவிட்டேன்.

இரண்டாவது புதனுக்குள் அப்பா அட்டையைக் கூரியரில் அனுப்பிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. டோக்கன் முடிந்திருந்தது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒன்பது மணிக்குப் போங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது புதன்தான் உண்மையான சிக்கல். சிஸ்டர் அட்டையை விரித்து, ஆறாவது வார வரிசையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். போலியோ சொட்டு, ரோட்டா (வயிற்றுப்போக்குக்கான சொட்டு), பென்டா (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), மூன்றிலும் தேதி இருக்கிறது. எஃப்.ஐ.பி.வி., அதாவது போலியோ ஊசிக் கட்டத்தில் தேதி இருக்கிறது. பி.சி.வி., அதாவது நிமோனியா ஊசிக் கட்டம் காலி. "நிமோனியா ஊசி போட்டாங்களா இல்லையா?" எனக்கு எப்படித் தெரியும்? குழந்தை மூன்று முறை வீறிட்டது ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. "மூணு ஊசின்னா அது சரியாத்தான் இருக்கும், ஆனா எழுத்துல இல்லாம நான் எழுத முடியாது" என்றார்.

அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஆறாவது வாரம் மூன்று ஊசி: இடது தொடையில் பென்டா, வலது தொடையில் பி.சி.வி., வலது மேல்கையில் தோலுக்குள் மெல்லியதாக எஃப்.ஐ.பி.வி. இவற்றோடு வாயில் போலியோவும் ரோட்டாவும். பத்தாவது வாரம் பென்டா ஒன்றுதான் ஊசி, சொட்டு மருந்து இரண்டும் உண்டு. பதினான்காவது வாரம் மறுபடி மூன்று ஊசி. குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பதற்றத்தில் எதையும் கவனிக்க மாட்டோம். அதனால் வெளியே வருவதற்கு முன் குத்தின இடங்களையும் அட்டையில் தேதி ஏறின கட்டங்களையும் ஒன்றுக்கொன்று சரிபாருங்கள். எப்படியும் அரை மணி நேரம் அங்கே உட்காரத்தான் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு இதுதான் வேலை.

கணினியில் பார்க்கலாம் என்றால் என் போன் நம்பரில் எதுவும் வரவில்லை. ஊரில் பதிந்தபோது அப்பா நம்பரைக் கொடுத்திருக்கிறோம்! கர்ப்பத்தின்போது தந்த பன்னிரண்டு இலக்க பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண்ணைக் கொடுத்த பிறகுதான் பதிவு கிடைத்தது. அதிலும் பி.சி.வி. ஏறியிருக்கவில்லை. கடைசியில் ஊர் சிஸ்டருக்குப் போன் போட்டு, அவர் ரிஜிஸ்டர் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, தேதியோடு பி.சி.வி. எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஊசி போட்ட சிஸ்டரின் நம்பரை வாங்கி வையுங்கள். பிக்மி எண்ணையும் தொலைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதையே கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வாங்குகிறவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய தவணை ஊசிப் பதிவை ஒட்டித்தான் வரும்.

ஊசி? ரெண்டு நிமிஷம்.

நாள் தள்ளிப்போனதில் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. "முதல்லேர்ந்து போடணுமாமே" என்று பக்கத்து வீட்டு அக்கா கிளப்பிவிட்டார். தேவையே இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஆனால் இரண்டு தவணைக்கு நடுவே நான்கு வாரம் இருக்க வேண்டும். பன்னிரண்டில் போட்டதால் அடுத்தது பதினான்கில் இல்லை, பதினாறில். இதையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி காய்ச்சல். பென்டாவுக்கு இது சகஜம், ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். ஆனால் இங்கேதான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. பாரசிட்டமால் டிராப்ஸ் வேறு, சிரப் வேறு. டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. இருக்கும். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125தான். அதே சிரப் 250லும் கிடைக்கிறது. எடைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை ஒரு வேளை அளவு. ஐந்து கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மி.கி., அதாவது டிராப்ஸ் என்றால் அரையிலிருந்து முக்கால் மில்லி. சிரப்புக்குச் சொன்ன இரண்டரை மில்லியை டிராப்ஸில் ஊற்றினால் 250 மி.கி. உள்ளே போய்விடும். அதனால் "அரை ஃபில்லர் கொடுங்க" என்று யார் சொன்னாலும் எந்த மருந்து, எத்தனை மில்லி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் வருவதற்கு முன்பே கொடுத்துவைப்பதும் வேண்டாம். மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தாண்டினால் ஊசிக் காய்ச்சல்தான் என்று நாமே முடிவு கட்டாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மூன்று மணி நேரம் விடாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு போய்ப் பால் குடிக்காமல் கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிட வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ராத்திரியும் திறந்திருக்கும்.

சொட்டு மருந்து போட்டால் அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று வரிசையில் ஒரு பாட்டி அடித்துச் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. சொல்லப்போனால் மாரோடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டால் வலி குறையும். வீங்கின தொடையில் எண்ணெய் போட்டு நீவுவதும் மஞ்சள் பற்றுப் போடுவதும் வேண்டாம், ஈரத்துணி ஒற்றினால் போதும். பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட கையில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து உடைவதும் இயல்புதான். அதில் மருந்து எதுவும் தடவக் கூடாது.

பதினாறாவது வாரம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது.

ஒன்பதாவது மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. மருந்தைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரம்தான் வைத்திருக்க முடியும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். பி.சி.ஜி.யும் அப்படித்தான். ஒரு குப்பி பல குழந்தைகளுக்கானது. அதனால் ஒரே குழந்தைக்காக உடைக்க யோசிப்பார்கள், "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்பார்கள். மதியம் தனியாகப் போய் நின்றால் "அடுத்த புதன் வாங்க" என்று திருப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. காலையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வலது கையில் எம்.ஆர்., இடது கையில் எஃப்.ஐ.பி.வி., வலது தொடையில் பி.சி.வி., வாயில் ஒரு மில்லி வைட்டமின் ஏ. நான்கு கட்டத்திலும் தேதி விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். சிஸ்டருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "இந்த வாட்டி எண்ணிட்டீங்களா?" என்றார்.

அடுத்தது பதினாறு மாதத்துக்கு மேல். அட்டை இப்போது பீரோவில் இல்லை, டயப்பர் பையில்.