வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள்: மூன்று மாத அட்டைக் குறிப்புகள்

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களை நாளுக்கு ஒன்றாக அட்டையில் எழுதிவைக்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்து, தாம் படிக்கும் நூல்களிலிருந்து சொல்லையும் அது வரும் வரியையும் துண்டுத்தாளில் எழுதி அனுப்பச் செய்தாரல்லவா, அந்த முறையையே நானும் பின்பற்றினேன். முதல் பத்து நாட்கள் வீணாயின. விநோதச் சொற்களின் பட்டியல்களைப் பார்த்து எழுதியவற்றுள் ஒன்றுகூட மனத்தில் தங்கவில்லை. அதன்பின், இலக்கியத்தில் வரும் வரி கிடைக்காத சொல்லுக்கு அட்டை இல்லை என்று முடிவு செய்தேன்.

ஹாம்லெட் நாடகத்திலிருந்து தொடங்கியது நல்லதாயிற்று. புகழ்பெற்ற தன்னுரையில் வரும் 'ஃபார்டெல்' என்பதற்கு மூட்டை, சுமை என்று உடனே எழுத முடிந்தது. இடுகாட்டுக் காட்சியில் வரும் 'கைப்' என்பதில்தான் தடுமாறினேன். குடியானவனின் கால்விரல் அரசவையாளனின் குதிகாலை நெருங்கி, அங்குள்ள 'கைபை' உரசிவிடுகிறது என்கிறான் ஹாம்லெட். நம் வீடுகளில் சொல்லும் பித்தவெடிப்பு என்று எழுதி மகிழ்ந்திருந்தேன். ஆனால் அது குளிரால் தோல் வீங்கிப் புண்ணாகும் நோய். வெம்மையில் வாழும் நமக்கு அதற்கு ஒரு சொல் தேவைப்படாததில் வியப்பில்லை. 'குளிரால் குதிகாலில் வரும் புண்' என்று நீட்டி எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாம் மாதத்தில், பிழையால் பிழைத்த சொற்கள் என்று ஒரு தனிக் கட்டு சேரத் தொடங்கியது. வீரச்செயல் என்ற பொருளில் இன்றும் எழுதப்படும் 'டெரிங்-டூ' அவற்றுள் ஒன்று. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் அதைத் 'துணிந்து செய்தல்' என்ற சாதாரணத் தொடராகவே எழுதினார். அவரைப் பின்பற்றிக் கவிஞர் லிட்கேட் எழுதியது 16-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் எழுத்து மாறி அச்சாகியது. கவிஞர் ஸ்பென்சர் அதை ஒரே பெயர்ச்சொல்லாகக் கொண்டு 1579-இல் கையாண்டார். பின்னர் 'ஐவன்ஹோ' நாவலில் வால்டர் ஸ்காட் எடுத்தாண்டதால் அது பரவியது.

'ஸ்லக்ஹார்ன்' என்னையே ஏமாற்றியது. ஆங்கிலக் கவிஞர் பிரௌனிங் 1855-இல் வெளியிட்ட கவிதையின் முடிவில், இருண்ட கோபுரத்தின் முன் நிற்கும் ரோலண்ட் அதை உதட்டில் வைத்து ஊதுகிறான். ஆகவே, அகராதியைப் புரட்டாமலேயே 'ஊதுகொம்பு' என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தால், அது 'ஸ்லோகன்' என்பதன் பழைய எழுத்துவடிவம். படை, முழக்கம் என்னும் ஸ்காட்லாந்தின் கேலிக் (Gaelic) மொழிச் சொற்கள் இரண்டு சேர்ந்து பிறந்த அதற்குப் போர்முழக்கம் என்பதே பொருள். 15-ஆம் நூற்றாண்டுத் துறவியின் பாடல்கள் என்று தம் கவிதைகளைப் புனைந்து தந்து, 1770-இல் பதினேழு வயதில் இறந்த சாட்டர்டன்தான் அதைக் கொம்பென்று கருதிப் பயன்படுத்தினார். பிரௌனிங்கின் கொம்பு அவரிடமிருந்து வந்தது.

அட்டையில் 'ஊதுகொம்பு' என்பதை அடித்துவிட்டுப் 'போர்முழக்கம்' என்று எழுதினேன். மறுநாள், அக்கவிதைக்குள் ரோலண்ட் ஊதுவது கொம்புதானே என்று தோன்றவே, அடித்ததை அதன் கீழேயே மீண்டும் எழுதிவைத்தேன். சாட்டர்டன் தம் பழஞ்சொற்களைக் கெர்ஸி, பெய்லி ஆகியோரின் அகராதிகளிலிருந்து திரட்டினார் என்பதை மொழியறிஞர் ஸ்கீட் 1871-இல் எடுத்துக்காட்டியிருக்கிறார். இந்த மாதம் பெய்லியைப் புரட்டத் தொடங்கியிருக்கிறேன்.