டேங்க்கில் தொடங்கி வால்வுக்குள் இறங்கியது: அப்பாவின் ரிப்போர்ட்

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிவிட்டு வந்த ஒரு நாள் காலையில், "மூத்திரம் சிவப்பா போகுதுப்பா" என்றார் அப்பா. வலி இல்லை, எரிச்சல் இல்லை. இரண்டே நாளில் தானாக நின்றும்விட்டது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். திரும்ப வந்தபோது ஒரு கிளினிக்கில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்படியே இரண்டு மாதம் வீணானது. வலியில்லாமல் ரத்தம் வருவதும், வந்து வந்து நிற்பதும்தான் மூத்திரப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அறிகுறி என்று அப்போது யார் கண்டது?

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. எங்கள் தர்மபுரி மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாம் தண்ணீரைத் திட்டினார்கள். யூராலஜி டாக்டர் அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தார். "அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். இதுக்குக் காரணம் இந்தக் கட்டுதான்" என்றார். நாற்பது வருட பீடி. புகையின் நஞ்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது மணிக்கணக்கில் பையில் தேங்கிக் கிடக்குமாம்.

மூத்திர வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். கட்டி பையின் தசை வரை போயிருப்பதாக பயாப்ஸி வந்தது. அப்புறம் சேலத்தில் இன்னொரு டாக்டர் மறுபடி உள்ளே பார்த்தார். இந்த முறை பைக்கு அடியில் மூத்திரக் குழாயைச் சுற்றியிருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியின் வழியிலிருந்தும் இரண்டு துண்டு எடுத்தார். சிடி ஸ்கேனில் அந்த இடம் சுத்தமாகத்தான் இருந்தது. துண்டுகள் வேறு கதை சொல்லின: ப்ராஸ்டேட் சதைக்குள்ளும் அதே புற்றுநோய்.

இங்கேதான் நாங்கள் குழம்பினோம். "ப்ராஸ்டேட் கேன்சரா? பயப்படாதீங்க, என் சம்பந்தி பத்து வருஷமா நல்லா இருக்கார்" என்றார் மாமா. நானும் கொஞ்சம் நிம்மதியானேன், ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ டெஸ்ட் கூட எடுக்கச் சொன்னேன். டாக்டர் பொறுமையாகத் திருத்தினார். ப்ராஸ்டேட்டிலேயே பிறக்கும் புற்றுநோய் பல நேரம் மெதுவாக வளரும். இது மூத்திரப்பையில் பிறந்து அங்கே குடியேறியது, குணமும் அதனுடையதுதான். பிஎஸ்ஏ இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

எவ்வளவு காலம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டார்: மேலே பை, அடியில் நெல்லிக்காய் போல ப்ராஸ்டேட், நடுவே குழாய். அப்பா குனிந்து பார்த்தார். சொட்டுநீர் போட்டவர் ஆயிற்றே. "டேங்க் சுவரைத் துளைச்சு வெளியே வந்து வால்வைப் பிடிச்சுதா சார், இல்ல பைப் வழியா இறங்குச்சா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்வியே அதுதானாம். சுவரைத் துளைத்துக்கொண்டு ப்ராஸ்டேட்டுக்குள் போனால் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற கணக்கில் அது T4 என்று சேரும், அதுதான் மோசம். 1996-இல் 143 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார்: அப்படிப் போனவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 21 சதவீதம், குழாய் வழியாகப் பரவியவர்களில் 55 சதவீதம். குழாய் வழியாக இறங்கியதிலும் உள்தோலோடும் ப்ராஸ்டேட்டின் சுரப்பு நாளங்களோடும் நின்றால் நல்லது, சதைக்குள் புகுந்தால் கணக்கு இறங்கும். நெறிக்கட்டில் பரவியிருந்தால் இன்னும் இறங்கும். "பழைய கணக்கு இது, உங்க அப்பாவுக்கு எழுதின ஜாதகம் இல்ல" என்றும் சொன்னார். அப்பாவுக்குக் குழாய் வழிதான், ஆனால் சதைக்குள் போயிருந்தது. நடுவில் எங்கோ நின்றோம்.

முதலில் கீமோ. அதில் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் பார்த்துத்தான் ஏற்றினார்கள். ஆபரேஷனுக்கு முன் இதைக் கொடுத்தால் ஐந்தாண்டு பிழைப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுவார்களாம். ஐந்துதானா என்று எனக்குச் சப்பென்று ஆனது. அப்பா மட்டும், "அஞ்சு ஆளு சும்மாவா?" என்றார்.

இதற்கிடையில் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓவிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். ரேஷன் கார்டில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதற்கே மூன்று நடை. நோய் தெரிந்த அன்றே இந்த வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆபரேஷனில் பை, ப்ராஸ்டேட், சுற்றியிருந்த நெறிக்கட்டுகள் எல்லாம் எடுத்தார்கள். குடலில் புதுப் பை செய்து பழைய வழியிலேயே போக வைக்க முடியாதா என்று கேட்டோம். ப்ராஸ்டேட் சதைவரை வந்துவிட்டதால் மிச்சக் குழாயிலும் திரும்ப வர வாய்ப்புண்டு, அதனால் வேண்டாம் என்றார்கள். வயிற்றில் துளை, மூத்திரம் சேர வெளியே ஒட்டும் பை. பன்னிரண்டு நாள் கழித்துப் பெரிய ரிப்போர்ட் வந்தது. நான் முதலில் தேடியது நெறிக்கட்டு வரியைத்தான். 19 எடுத்ததில் ஒன்றிலும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று மூன்று தடவை படித்தேன்.

இப்போது இரண்டு வருடம் நான்கு மாதம். ஆறு மாதத்துக்கு ஒரு சிடி, ஒவ்வொன்றுக்கும் முந்தின ராத்திரி வீட்டில் யாரும் தூங்குவதில்லை. பை எங்கள் ஊர் மெடிக்கலில் கிடைக்காது, சேலத்திலிருந்து மொத்தமாக வாங்கி வைக்கிறோம். சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு விட்டுவிடுகிறது. ஒருமுறை மண்டியிலேயே கழன்று வேட்டி நனைந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு மாற்று வேட்டி, இரண்டு பை, ஒரு துண்டு. தக்காளிக் கூடைகளை ஏற்றுவதற்கு முன் அதைத்தான் முதலில் சரிபார்க்கிறார்.